பாலூட்டிகளில் விந்தணுவும் சினைமுட்டையும் தம் சிற்றினத்தை அறிவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு விலங்கின் விந்தணு வேறொரு விலங்கின் சினைமுட்டைக்குள் நுழையுமா என்ற கேள்வி, உயிரியல் மாணவர்களிடமும், குழந்தையின்மைச் சிகிச்சையைப் பற்றிப் படிப்போரிடமும், கலப்பின விலங்குகளைக் கண்டு வியப்போரிடமும் மீண்டும் மீண்டும் எழுகிறது. ‘நுழையாது’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் பாடநூல்கள் பல. அந்தப் பதில் பாதிதான் சரி. முட்டையைச் சூழ்ந்துள்ள உறைகளில் எதைப் பற்றிக் கேட்கிறோம், எந்த இரண்டு விலங்குகளைச் சேர்த்துக் கேட்கிறோம் என்பதற்கேற்ப விடை மாறுகிறது.

‘சிற்றினத் தனித்தன்மை’ என்பது எதைக் குறிக்கிறது?

ஒரு சிற்றினத்தின் விந்தணு தன் சிற்றினத்தின் முட்டையோடு எளிதில் பிணைந்து, பிறவற்றின் முட்டையோடு பிணையாமலோ அரிதாகவே பிணைந்தோ போவதைக் குறிக்கிறது. இதை ‘உண்டு’, ‘இல்லை’ என்று இரண்டாகப் பிரிக்க முடியாது. நெருங்கிய உறவுள்ள விலங்குகளுக்கிடையே குறைவாகவும், விலகிய உறவுள்ளவற்றுக்கிடையே மிகுதியாகவும் காணப்படும் ஓர் அளவு இது. அதோடு, இதற்குத் திசையும் உண்டு. ‘அ’ என்ற விலங்கின் விந்தணு ‘ஆ’ என்ற விலங்கின் முட்டையில் ஒட்டுகிறது என்பதால், ‘ஆ’வின் விந்தணு ‘அ’வின் முட்டையில் ஒட்டும் என்று முடிவுகட்ட முடியாது. இந்த இரண்டாவது கூறைப் பலர் கவனிப்பதில்லை.

விந்தணு முட்டைக்குள் செல்லும் வழியில் எதையெல்லாம் கடக்கிறது?

முதலில் விந்தணுவே தயாராக வேண்டும். வெளியேறிய உடனே எந்தப் பாலூட்டியின் விந்தணுவும் முட்டையைக் கருவுறச் செய்வதில்லை. பெண்ணின் இனப்பெருக்கப் பாதையில், அல்லது அதற்கு ஈடான வளர்ப்பு ஊடகத்தில், சில மணி நேரம் இருந்த பின்பே அந்தத் திறனைப் பெறுகிறது. இதற்குத் திறனேற்றம் என்று பெயர். 1951-இல் ஆஸ்திரேலியாவில் ஆஸ்டினும் அமெரிக்காவில் எம். சி. சாங்கும் ஒருவரையொருவர் சாராமல் இதைக் கண்டறிந்தார்கள். உடலுக்கு வெளியே ஆய்வகத்தில் முட்டையைக் கருவுறச் செய்யும் வெளிச்சோதனைக் கருவுறுதல் என்ற துறை முழுவதும் அந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கிறது.

தயாரான விந்தணு, முட்டையைச் சுற்றியுள்ள குமுலஸ் செல்களின் பிசுபிசுப்பான திரளை ஊடுருவுகிறது. அடுத்து, செல் அல்லாத தடித்த உறையான சோனா பெலூசிடாவை அடைகிறது. ஒளி ஊடுருவும் வளையம் என்பது அந்த லத்தீன் பெயரின் பொருள். ஆய்வுக்கூடப் பேச்சில் அது வெறும் ‘சோனா’. அதைத் துளைத்துக் கடந்ததும் ஒரு குறுகிய இடைவெளி, அதற்கு அப்பால் முட்டையின் சொந்தச் சவ்வு. அந்தச் சவ்வோடு விந்தணுவின் சவ்வு இணைந்து ஒன்றாகும்போதுதான் கருவுறுதல் நிகழ்கிறது.

குமுலஸ் திரள் சிற்றினத்தைப் பொருட்படுத்துவதில்லை என்றே சொல்லலாம். மற்ற இரண்டும் பொருட்படுத்துகின்றன. ஆனால் ஒரே அளவில் அல்ல.

அவற்றுள் மிகக் கறாரானது எது?

சோனாதான். இதை நேரில் பார்க்க விரும்புவோர் ஒரு சிறு கண்ணாடித் தட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். அதில் எண்ணெய்க்கு அடியில் ஒரு துளி ஊடகம். அதற்குள் சில எலி முட்டைகள் (இங்கே எலி என்பது ஆய்வகச் சுண்டெலி). எலியின் விந்தணுக்களைச் சேர்த்தால், அரை மணி நேரத்துக்குள் முட்டையைச் சுற்றிலும் அவற்றின் தலைகள் பதிந்து நிற்கும். வால்கள் அடித்துக்கொண்டே இருப்பதால் சில வேளைகளில் முட்டையே மெல்லச் சுழலத் தொடங்கும். அதே தட்டில் மனித விந்தணுக்களைச் சேர்த்தால், அவை வந்து உரசுகின்றன, சற்றுத் தயங்குகின்றன, விலகிப் போகின்றன. நுண்குழாயால் ஓரிரு முறை உறிஞ்சி விட்டால் ஒட்டியிருந்த சிலவும் உதிர்ந்துவிடும்.

இப்படி உறிஞ்சிக் கழுவுவதற்கும் ஓர் அளவுகோல் தேவை. கருவுற்று இரண்டு செல்லாகப் பிரிந்த கருவின் சோனாவில் விந்தணு நிலையாக ஒட்டாது என்பது தெரியும். எனவே அத்தகைய கருக்கள் சிலவற்றையும் அதே துளியில் போட்டு, அவற்றின் மேல் ஏறக்குறைய ஒரு விந்தணுவும் மிஞ்சாதவரை கழுவுகிறார்கள். அதன் பிறகும் முட்டையில் ஒட்டியிருப்பவையே உண்மையாகப் பிணைந்தவை. எளிய உத்திதான், ஆனால் இது செய்யப்படாத ஆய்வுகளின் எண்ணிக்கைகளை நான் ஐயத்தோடுதான் படிப்பேன்.

மனித விந்தணு இவ்வகையில் மிகவும் தேர்ந்தெடுக்கும் இயல்புடையது. 1977-இல் பெட்ஃபோர்டு வெளியிட்ட ஆய்வில், அது மனித முட்டையின் சோனாவிலும் கிப்பன் குரங்கின் சோனாவிலும் ஒட்டியது. ரீசஸ் குரங்கு, பபூன், அணில் குரங்கு ஆகியவற்றின் சோனாவில் ஒட்டவில்லை. குரங்கினத்தைச் சேராத விலங்குகளின் சோனாவிலும் ஒட்டவில்லை. மனிதனும் வாலில்லாக் குரங்குகளும் சேர்ந்த குழுவின் எல்லைக்குள் பிணைப்பு நின்றுவிட்டது. இதற்கு நேர்மாறாக, சுண்டெலியின் விந்தணு மனித சோனாவிலும் ஒட்டுகிறது. மேலே சொன்ன ‘திசை’க்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது.

சோனா எதனால் ஆனது?

சர்க்கரைச் சங்கிலிகள் கோக்கப்பட்ட சில புரதங்களால். அவற்றுக்கு இசட்பி1, இசட்பி2, இசட்பி3, இசட்பி4 என்று பெயர். மனித சோனாவில் நான்கும் உள்ளன. சுண்டெலியில் நான்காவதற்கான மரபணு செயலிழந்துவிட்டதால் மூன்று மட்டுமே. பசுவிலும் பன்றியிலும் முதலாவது இல்லை; மற்ற மூன்றும் உண்டு. வளரும் முட்டையே இவற்றைச் சுரந்து, நுண்ணிய இழைகளாகத் தன்னைச் சுற்றி நெய்துகொள்கிறது. மனித முட்டையின் சோனா சுமார் 15 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிப்புடையது. எலியில் ஏறக்குறைய 6 அல்லது 7. மனித விந்தணுவின் தலை சுமார் 5 மைக்ரோமீட்டர் நீளமே என்பதை நினைத்துப் பார்த்தால், அது துளைக்க வேண்டிய சுவர் எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

விந்தணு பற்றிக்கொள்ளும் மூலக்கூறு எது?

இந்தத் துறையில் அதிகம் வாதிடப்பட்ட கேள்வி இது. விடை வந்த பாதையைத் தெரிந்துகொள்வது விடையைப் போலவே பயனுள்ளது என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1980-இல் பிளெய்லும் வாசர்மனும், எலி சோனாவிலிருந்து பிரித்தெடுத்த இசட்பி3-ஐ விந்தணுவோடு முன்கூட்டியே கலந்தால், அந்த விந்தணு பிறகு முட்டையில் ஒட்டுவது குறைகிறது என்று காட்டினார்கள். இசட்பி3 விந்தணுவின் பிடிமானத்தை நிரப்பிவிடுகிறது, ஆகவே அதுவே ஏற்பி என்பது அவர்கள் வாதம். புரதத்தில் குறிப்பிட்ட சில செரின் அமினோ அமிலங்களில் தொங்கும் சர்க்கரைச் சங்கிலிகளைத்தான் விந்தணு பிடிக்கிறது என்று பின்னர் சொல்லப்பட்டது. ‘பூட்டும் சாவியும்’ என்று பாடநூல்களில் இன்றும் வரும் படம் அங்கிருந்து வந்தது.

மரபணுக்களை மாற்றி எலிகளை வளர்க்கும் முறை வந்தபோது அந்தப் படம் ஆட்டங்கண்டது. 1998-இல், எலியின் சொந்த இசட்பி3-ஐ நீக்கிவிட்டு மனித இசட்பி3-ஐ வைத்தார்கள். அது ஏற்பியாக இருந்திருந்தால், எலி விந்தணு ஒட்டாமலும் மனித விந்தணு ஒட்டியும் இருக்க வேண்டும். நடந்தது வேறு. எலி விந்தணுவே முன்போல ஒட்டியது, எலிகள் குட்டி ஈன்றன. மனித விந்தணு ஒட்டவில்லை. 2010-இல் அந்தச் செரின்களையே மாற்றியமைத்த எலிகளும் கருவுற்றன.

திருப்பம் 2012-இல் வந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் ஜூரியன் டீனின் குழுவினர், மனிதனின் நான்கு சோனா புரதங்களையும் தனித்தனியாகவும் சேர்த்தும் எலி முட்டைகளில் உருவாக்கிப் பார்த்தார்கள். மனித இசட்பி2 இருந்த முட்டைகளில் மட்டுமே மனித விந்தணு ஒட்டியது. தனியாக இருந்தாலும் ஒட்டியது, மற்றவற்றோடு சேர்ந்திருந்தாலும் ஒட்டியது. மற்ற மூன்றும் எந்தச் சேர்க்கையில் இருந்தாலும், இசட்பி2 இல்லாதபோது பயனில்லை. அதற்கும் மேலாக, ஒட்டிய விந்தணுக்கள் அந்த எலி சோனாவைத் துளைத்து உள்ளே சென்றன. சென்று, சோனாவுக்கும் முட்டைச் சவ்வுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் குவிந்து நின்றன. எலியின் முட்டைச் சவ்வோடு அவற்றால் இணைய முடியவில்லை. ஒரே சோதனையில் இரண்டு வாயில்கள் தனித்தனியாகத் தெரிந்தன: முதலாவதை ஒரு புரதத்தை மாற்றித் திறந்துவிட்டார்கள், இரண்டாவது மூடியே இருந்தது. இத்துறையில் நான் மிக விரும்பும் சோதனை இதுதான்.

2014-இல் அதே குழுவினர், இசட்பி2-வின் தொடக்க முனையில் உள்ள ஒரு சிறு பகுதி, அதாவது 51 முதல் 149 வரையிலான அமினோ அமிலங்கள், எலியிலும் மனிதனிலும் இந்த வேலையைச் செய்கிறது என்று காட்டினார்கள். அந்தப் பகுதியை மட்டும் நீக்கிய பெண் எலிகளில் சோனா உருவானது. ஆனால் விந்தணு ஒட்டவில்லை, எலிகள் மலடாயின.

சர்க்கரைகளை முற்றிலும் ஒதுக்கிவிடவும் முடியாது. மனித சோனாவில் சியாலில் லூயிஸ் எக்ஸ் என்ற சர்க்கரை அமைப்பு மிகுதியாக இருப்பதும், மனித விந்தணு ஒட்டுவதில் அதற்குப் பங்கு இருப்பதும் 2011-இல் வெளியாயின. புரதமா சர்க்கரையா என்று கட்சி பிரிந்து வாதிடுவதைவிட, வெவ்வேறு விலங்குகளில் இரண்டும் வெவ்வேறு அளவில் பங்கேற்கின்றன என்று கொள்வதே தரவுகளுக்கு நெருக்கமானது.

விந்தணுவின் பக்கத்தில் சோனாவைப் பிடிக்கும் புரதம் எது?

பல புரதங்கள் முன்மொழியப்பட்டன. அவற்றின் மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தபோது, பெரும்பாலான ஆண் எலிகள் இயல்பாகவே குட்டிகளுக்குத் தந்தையாயின. ஒற்றைச் சாவி என்று ஒன்று இல்லை என்பதற்கு இதுவே வலுவான அறிகுறி.

இதோடு தொடர்புடைய இன்னொரு திருத்தமும் உண்டு. விந்தணுவின் தலைமுனையில் நொதிகள் நிறைந்த அக்ரோசோம் என்ற பை இருக்கிறது. அது வெடித்துத் திறப்பது அக்ரோசோம் வினை. சோனாவைத் தொட்ட பிறகுதான் அது நிகழ்கிறது என்று நீண்ட காலம் கற்பிக்கப்பட்டது. 2011-இல் எலி விந்தணுக்களை ஒளிரச் செய்து படம்பிடித்தபோது, முட்டையைக் கருவுறச் செய்த விந்தணுக்களில் பெரும்பாலானவை சோனாவை அடையும் முன்பே அந்த வினையைத் தொடங்கிவிட்டிருந்தது தெரிந்தது. எனவே, ‘சோனா அடையாளம் கண்டு, அக்ரோசோமைத் திறக்கச் சொல்கிறது’ என்ற பழைய வரிசையை எலிக்கு அப்படியே எழுதுவது இனிச் சரியாகாது.

சோனாவைக் கடந்த பிறகு, முட்டைச் சவ்வில் என்ன நடக்கிறது?

இங்கே ஒன்றையொன்று பிடிக்கும் புரத இணைகள் நன்றாகத் தெரியும். 2005-இல் ஜப்பானில் ஒகாபே, இனோவே உள்ளிட்டோர் விந்தணுவில் இசுமோ1 என்ற புரதத்தைக் கண்டறிந்தார்கள். திருமண வேண்டுதலுக்குப் பெயர்பெற்ற ஒரு ஜப்பானியக் கோவிலின் பெயர் அது. அது இல்லாத ஆண் எலிகளின் விந்தணு சோனாவைக் கடக்கும், முட்டையோடு இணையாது. 2014-இல் இங்கிலாந்தில் பியாங்கி, ரைட் ஆகியோரின் குழு முட்டையின் பக்கத்து இணையைக் கண்டறிந்து, ரோமானியத் திருமணத் தேவதையின் பெயரால் ஜூனோ என்று அழைத்தது. அதுவரை அது ஃபோலேட் ஏற்பி 4 என்ற பெயரில் பட்டியலிடப்பட்டிருந்தது. ஆனால் அது ஃபோலேட்டைப் பிடிப்பதே இல்லை. ஒரு விந்தணு நுழைந்த அரை மணி நேரம், முக்கால் மணி நேரத்துக்குள் முட்டை தன் மேற்பரப்பிலிருந்து ஜூனோவை உதிர்த்துவிடுகிறது. அடுத்த விந்தணு நுழையாமல் காக்கும் வழிகளில் இதுவும் ஒன்று.

முட்டையில் சிடி9 என்ற புரதமும் இணைவுக்கு வேண்டும் என்பது 2000-ஆம் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. விந்தணுவில் ஸ்பாகா6, டிமெம்81 ஆகியவை இசுமோ1-உடன் ஒரு கூட்டாக நிற்கின்றன என்று 2024-இல் காட்டப்பட்டது.

இசுமோ1–ஜூனோ பிணைப்பு சோனாவைவிடத் தளர்வானது. ஆனாலும் கண்மூடித்தனமானது அன்று. மனித விந்தணு எலியின் சவ்வோடு இணைவதில்லை என்பதை 2012 சோதனையிலேயே பார்த்தோம்.

மனித விந்தணு ஹாம்ஸ்டர் முட்டைக்குள் நுழையும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை, ஒரு நிபந்தனையோடு. சிரிய ஹாம்ஸ்டர் என்ற கொறிவிலங்கின் முட்டையிலிருந்து சோனாவை நீக்கிவிட வேண்டும். சோனா இருக்கும்வரை மனித விந்தணு உள்ளே போகாது.

1976-இல் யானகிமாச்சியும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதை வெளியிட்டார்கள். செய்முறை இப்படி: குமுலஸ் செல்களை ஹயலூரோனிடேஸ் நொதியால் கரைப்பார்கள், டிரிப்சின் நொதியில் சோனா கண்ணெதிரே மெலிந்து மறையும், அந்த வெற்று முட்டைகளைத் திறனேற்றம் பெற்ற மனித விந்தணுக்களோடு சில மணி நேரம் வைப்பார்கள். பிறகு கண்ணாடிச் சில்லுக்கு அடியில் மெல்ல அழுத்தி நுண்ணோக்கியில் பார்த்தால், முட்டைக்குள் ஊதிப்பெருத்த விந்தணுத் தலையும் அதன் அருகே வாலும் தெரியும். அந்தப் பெருத்த தலைதான் நுழைவுக்குச் சான்று.

ஹாம்ஸ்டரின் முட்டைச் சவ்வு மனிதனுக்கு மட்டும் இடம்கொடுப்பதில்லை. எலி, பெருச்சாளி வகைகள் தொடங்கிப் பல பாலூட்டிகளின் விந்தணுக்கள், அக்ரோசோம் வினை முடிந்திருந்தால், அதனுள் நுழைகின்றன. இதன் மூலக்கூறு விளக்கம் 2015-இல் கிடைத்தது: ஹாம்ஸ்டரின் ஜூனோ மனித இசுமோ1-ஐ நேரடியாகப் பிடிக்கிறது.

இந்தச் சோதனையால் இரண்டு பெரும் பயன்கள் விளைந்தன. முதலாவது, ஓர் ஆணின் விந்தணுவுக்கு முட்டையோடு இணையும் திறன் இருக்கிறதா என்று மனித முட்டையைத் தொடாமலே பார்க்க முடிந்தது. இரண்டாவது, 1978-இல் மனித விந்தணுவின் நிறப்புரிகளை முதன்முறையாக நேரடியாக எண்ண முடிந்தது. முதிர்ந்த விந்தணுவில் டிஎன்ஏ இறுகச் சுருண்டிருப்பதால் நிறப்புரிகள் தனித்தனியாகத் தெரியாது. ஹாம்ஸ்டர் முட்டையின் உட்சூழல் அவற்றைப் பிரித்து விரித்துக் காட்டியது. ஹாம்ஸ்டரின் 22, மனிதனின் 23 என இரண்டு தொகுதிகளும் வேறுபடுத்திப் பார்க்கத் தக்கவை.

சோதனையின் வரம்பும் இதிலேயே இருக்கிறது. சோனாவை நீக்கிவிட்டுச் செய்வதால், சோனாவில் ஒட்டும் திறனைப் பற்றி இது எதுவும் சொல்வதில்லை. அதற்கு மனித சோனாவே வேண்டும். வேறு எந்த ஆய்வக விலங்கின் சோனாவும் உதவாது. அதனால்தான் 1988-இல், சிகிச்சைக்குப் பயன்படாத மனித முட்டையின் சோனாவை இரு பாதியாக வெட்டி, ஒரு பாதியை நோயாளியின் விந்தணுவோடும் மறு பாதியை இயல்பான விந்தணுவோடும் வைத்து ஒப்பிடும் ஹெமிசோனா சோதனை உருவானது.

அப்படியானால் மனிதனும் ஹாம்ஸ்டரும் கலந்த உயிர் உருவாகுமா?

உருவாகாது. வளர்ச்சி தொடர்வதில்லை. சட்டமும் இதைக் கவனத்தில் கொண்டது: 1990-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் மனிதக் கருவுறுதல் மற்றும் கருவியல் சட்டம், உரிமம் பெற்று இச்சோதனையைச் செய்ய அனுமதித்தது, உருவாவதை இரண்டு செல் நிலைக்கு மேற்படாமல் அழித்துவிட வேண்டும் என்றும் விதித்தது.

கோவேறு கழுதை பிறக்கிறதே, அங்கே இந்தத் தடை எங்கே போயிற்று?

குதிரையும் கழுதையும் நெருங்கிய உறவினர். அவற்றின் விந்தணுவும் முட்டையும் ஒன்றையொன்று ஏற்கும் அளவுக்குச் சோனாவும் சவ்வும் இன்னும் ஒத்திருக்கின்றன. தடை பின்னால் வருகிறது: குதிரைக்கு 64 நிறப்புரிகள், கழுதைக்கு 62, கோவேறு கழுதைக்கு 63. அவை இணைசேர்ந்து பிரிய முடியாமல் போவதால் அதற்குப் பெரும்பாலும் சந்ததி இல்லை. சிங்கமும் புலியும் சேர்ந்து குட்டி பிறப்பதும் இத்தகைய நெருங்கிய உறவால்தான்.

செம்மறி ஆடும் வெள்ளாடும் சேரும்போது கருவுறுதல் நிகழ்கிறது. ஆனால் கரு பெரும்பாலும் வயிற்றிலேயே இறந்துவிடுகிறது. முயலுக்கும் குழிமுயலுக்கும் இடையே சாங் செய்த ஆய்வுகளிலும் முட்டை கருவுற்றது, கரு நிலைக்கவில்லை. ‘கலப்பினம் பிறக்கவில்லை, ஆகவே விந்தணு நுழைந்திருக்காது’ என்று எண்ணுவது தவறு என்பதை இவை காட்டுகின்றன. நுழைவு, வளர்ச்சி, பிறப்பு, மறு தலைமுறை ஆகிய நான்கும் தனித்தனிப் படிகள்.

நுழைந்த விந்தணு முட்டையை எழுப்புவதிலும் சிற்றினத் தனித்தன்மை உண்டா?

மிகக் குறைவு. விந்தணு கொண்டுவரும் பிஎல்சி சீட்டா என்ற நொதி, முட்டைக்குள் கால்சியம் அலைகளை எழுப்பி அதன் வளர்ச்சியைத் தொடங்கிவைக்கிறது. இது 2002-இல் அறியப்பட்டது. மனித நொதி எலி முட்டையிலும் நன்றாக வேலை செய்கிறது. சில ஆண்களின் விந்தணு முட்டையை எழுப்பத் தவறுகிறதா என்று பார்க்க, மருத்துவர்கள் மனித விந்தணுவை ஊசியால் எலி முட்டைக்குள் செலுத்திச் சோதிப்பது இதனால்தான் சாத்தியமாகிறது. வாயிலில் இருந்த கண்டிப்பு வீட்டுக்குள் இல்லை.

விந்தணுவை ஊசியால் நேரடியாகச் செலுத்தும் இக்சி முறையில் இந்தத் தடைகள் என்னவாகின்றன?

சோனா, சவ்வு இரண்டுமே தவிர்க்கப்படுகின்றன. 1992-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் இம்முறையால் உண்டான கருத்தரிப்புகள் அறிவிக்கப்பட்ட பிறகு, விந்தணுவின் ஒட்டும் திறனை அளக்கும் சோதனைகளுக்குத் தேவை வெகுவாகக் குறைந்தது. சிகிச்சை எளிதாயிற்று, ஆனால் ஒரு தம்பதியரிடம் எந்தப் படியில் சிக்கல் இருந்தது என்ற கேள்வி பல இடங்களில் கேட்கப்படாமலே போகிறது என்பது என் வருத்தம்.

இந்தத் தனித்தன்மை ஏன் உருவாயிற்று?

கடலில் முட்டையையும் விந்தணுவையும் நீரில் விட்டுவிடும் உயிர்களுக்கு இது வாழ்வா சாவா என்ற கேள்வி. கடல் முள்ளெலிகளும் அபலோன் என்னும் கடல் நத்தைகளும் ஒரே நீரில் பல சிற்றினங்களாக வாழ்கின்றன. அங்கே விந்தணுவும் முட்டையும் தாமே தம்மவரை அறிந்தாக வேண்டும். மீன்களில் 2018-இல் ஒரு தெளிவான சான்று கிடைத்தது: வரிக்குதிரை மீனின் முட்டையில் பவுன்சர் என்ற புரதத்துக்குப் பதிலாக மெடாக்கா மீனின் பவுன்சரை வைத்தபோது, மெடாக்காவின் விந்தணு உள்ளே நுழைந்தது.

பாலூட்டிகளின் நிலை வேறு. உடலுக்குள்ளேயே கருவுறுதல் நிகழ்கிறது. துணையைத் தேர்வதிலும், புணர்ச்சியிலும், விந்தணு கருக்குழாயை அடைவதிலுமே பிற சிற்றினங்கள் பெரும்பாலும் விலக்கப்பட்டுவிடுகின்றன. அப்படியிருந்தும் சோனா புரதங்கள் வேகமாக மாறிவருகின்றன. பாலூட்டிகளின் இசட்பி2, இசட்பி3 மரபணுக்களில் இயற்கைத் தேர்வு மாற்றத்தை ஊக்குவித்திருப்பதை 2001-இல் ஸ்வான்சன் முதலானோர் காட்டினார்கள். என் கணிப்பில், பாலூட்டியின் சோனா அயலாரைத் தடுப்பதற்காக உருவானதன்று. ஒரு முட்டைக்குள் ஒரே விந்தணு நுழைய வேண்டும் என்ற கட்டாயமும், விந்தணுக்களுக்கிடையிலான போட்டியும் இரு தரப்பையும் ஓயாமல் மாற்றிக்கொண்டே வந்தன. பிரிந்து வாழ்ந்த இனங்களில் அந்த மாற்றங்கள் வெவ்வேறு பக்கம் சென்றதால், அயல் விந்தணு பொருந்தாமல் போயிற்று. இதற்கு ஆதரவாக ஒன்றைச் சொல்லலாம்: முதல் விந்தணு நுழைந்ததும் முட்டையின் சவ்வுக்கு அடியில் உள்ள புறணித் துகள்கள் என்ற சிறு பைகளிலிருந்து ஓவஸ்டாசின் என்ற நொதி வெளிவந்து, இசட்பி2-வை வெட்டிவிடுகிறது. அதன் பிறகு தன் சிற்றினத்தின் விந்தணுவும் ஒட்டுவதில்லை. ஒட்டவிடும் புரதமும் மேலும் ஒட்டாமல் தடுக்க வெட்டப்படும் புரதமும் ஒன்றே. 2017-இல் வெளியான கட்டமைப்பு ஆய்வில், அபலோனின் முட்டை உறைப் புரதமும் பாலூட்டியின் இசட்பி2-வும் ஒரே வகை மடிப்புடையவை என்பதும் தெரியவந்தது. இந்த ஏற்பாடு எவ்வளவு பழமையானது என்பதை அது காட்டுகிறது.

பன்றியின் சோனாவைக் கொண்டு குதிரைக்கும் யானைக்கும் கருத்தடை ஊசி போடுகிறார்களே, தனித்தன்மை இருந்தால் அது எப்படி வேலை செய்கிறது?

மிக நல்ல கேள்வி. பன்றி முட்டைகளின் சோனாவைப் பிரித்தெடுத்து ஊசியாகச் செலுத்தும்போது, பெண் விலங்கின் உடல் அதற்கு எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. அவை அதன் சொந்த சோனாவையும் மூடி, விந்தணு ஒட்டாமல் செய்துவிடுகின்றன. அமெரிக்காவின் அசாடீக் தீவில் வாழும் காட்டுக் குதிரைகளிலும், தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்கா யானைகளிலும் இது பயன்பட்டிருக்கிறது. எதிர்ப்பொருள்கள் பிடிப்பது விலங்குகளுக்கிடையே பொதுவாக உள்ள பகுதிகளை. விந்தணு கவனிப்பதோ வேறுபடும் சிறு பகுதிகளை. ஒரே புரதத்தில் இரண்டும் இருக்கலாம் என்பதால் இங்கே முரண்பாடு இல்லை.

எலியில் கண்டறிந்ததை மனிதனுக்கு எவ்வளவு தூரம் பொருத்தலாம்?

எச்சரிக்கையோடு மட்டும். ஒரு புரதத்தை வைத்தே இதைச் சொல்லிவிடலாம். இசட்பி1 இல்லாத பெண் எலிகளில் சோனா தளர்வாக உருவாகிறது. குட்டிகளின் எண்ணிக்கை குறைகிறது. ஆனாலும் அவை ஈனுகின்றன. 2014-இல் ஒரு குடும்பத்தில், அதே இசட்பி1 மரபணு பாதியில் துண்டிக்கப்பட்டிருந்த பெண்களைப் பற்றிய ஆய்வு வெளியானது. அவர்களின் முட்டைகளைச் சுற்றிச் சோனாவே இல்லை. அவர்கள் கருத்தரிக்கவும் இல்லை. துண்டிக்கப்பட்ட புரதம் செல்லுக்குள்ளேயே தங்கி, இசட்பி3-யையும் வெளியே வரவிடாமல் பிடித்துவைத்துக்கொண்டது என்பதே ஆய்வாளர்கள் தந்த விளக்கம்.